காக்கிச் சேலைக்காரிகள்

போன ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில், மாறுவேடப் போட்டிக்காக நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தி காக்கிச் சட்டையும் தொப்பியுமாக வந்து நின்றது நினைவிருக்கும். கேப்டன் லட்சுமி வேடம். பரிசும் அவளுக்குத்தான். மிட்டாய் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து, "தாத்தா, அந்தச் சண்டையில இந்தப் பக்கம் பட்டாளத்துல லேடீஸ் இல்லையா?" என்று கேட்டாள். இருந்தார்கள். ஆனால் அவர்களைப் போல வேடம் போட யாருக்கும் தோன்றுவதில்லை.

1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று பீதி. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்கள். நம் திருத்தணி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

ஆண்கள் போர்முனைக்குப் போய்க்கொண்டிருக்க, டைப் அடிக்க, டெலிபோன் இணைப்புக் கொடுக்க, ஸ்டோர் கணக்கு எழுத ஆள் போதவில்லை. ஆஸ்திரேலியாவில் 1941-லேயே ராணுவத்துக்கென்று பெண்கள் படை அமைத்துவிட்டார்கள். இங்கே 1942-ல் வந்தது உமன்ஸ் ஆக்சிலரி கோர். தமிழில் பெண்கள் துணைப்படை எனலாம். துப்பாக்கி வேலை இல்லை. எங்களைப் போன்ற குமாஸ்தாக்களின் வேலைதான், ஆனால் சீருடையோடும் பதவிப் பட்டையோடும். சேலைதான் கட்டுவேன் என்ற இந்தியப் பெண்களுக்குக் காக்கியிலேயே சேலை. விமானப்படைக்குத் தனிப்பிரிவு இருந்தது. கடற்படைப் பிரிவு 1944-ல் தனி அமைப்பாகப் பிரிந்தது. அதன் அதிகாரி கல்யாணி சென் 1945-ல் சீருடைச் சேலையோடு பிரிட்டனுக்கே போய் அங்குள்ள கடற்படைப் பெண்களின் வேலையைப் பார்த்து வந்தார். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. சேரும்போதே இரண்டு விதம்: உள்ளூர்ப் பணி, பொதுப் பணி. முதலாவதில் சேர்ந்தால் சொந்த ஊரிலேயே வேலை. இரண்டாவதில் இந்தியாவில் எங்கு அனுப்பினாலும் போக வேண்டும்.

வங்கியில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். 1980-களில் நான் சேர்ந்தபோது எங்கள் கிளையில் ஒரு அம்மா இருந்தார். அரையாண்டுக் கணக்கு முடிப்பில் பைசா இடித்தால், எங்கே இடிக்கிறது என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஆபீசர் பிரமோஷன் இரண்டு முறை வந்தது. வெளியூர் மாற்றல் என்பதால் இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். "பொம்பளைங்கன்னா இப்படித்தான்" என்று கேன்டீனில் சிரித்தோம். நானும் சிரித்தேன். பின்னால் என் தாயாரின் உடல்நிலைக்காக நானே பிரமோஷனை மறுத்தபோது, "பெத்தவங்களைப் பார்க்கிற பிள்ளை" என்று பேர் கிடைத்தது. அந்த அம்மா அப்போது அடுத்த கவுன்டரில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

போர் முடியும்வரை இந்தப் படையில் சேர்ந்தவர்கள் மொத்தம் சுமார் 11,500 பேர். ஆண்கள் 25 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஆண்களோடு ஒரே அறையில் வேலை என்றாலே வீட்டில் கதவைச் சாத்திய காலம். பெரும் பங்கு ஆங்கிலோ இந்தியப் பெண்கள். அரக்கோணம் ரயில்வே காலனியில் அந்தக் குடும்பங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நம்மில் உண்டு.

அரசியலும் ஒரு காரணம். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு'. அந்த நேரத்தில் வெள்ளைக்காரன் சீருடையை மாட்டிக்கொண்டவளை யார் கொண்டாடுவார்கள்? மறுபக்கம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லட்சுமி, 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். மலேயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் பலர், இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள், துப்பாக்கி தூக்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்த பெயர் நியாயமானதுதான். அதை ஒரு காசு குறைக்க நான் வரவில்லை. ஆனால் சம்பளத்துக்காக ஸ்விட்ச்போர்டு முன்னால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தவளும் வீட்டை மீறித்தான் வந்திருப்பாள்.

1947-ல் படையைக் கலைத்துவிட்டார்கள். மருத்துவம், செவிலியர் பணி தவிர மற்றப் பிரிவுகளுக்கு ராணுவம் பெண் அதிகாரிகளை மறுபடி எடுத்தது 1992-ல். இடையில் 45 வருஷம். அந்த முதல் அணிக்குப் பயிற்சி கொடுத்தது நம் பரங்கிமலை அகாடமி.

அந்தச் சிறுமிக்கு இதில் பாதிதான் சொன்னேன், அதற்குள் விளையாடப் போய்விட்டாள். உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியிலோ ஆல்பத்திலோ காக்கிச் சேலையில் ஒரு பாட்டி இருந்தால், தயவுசெய்து எனக்குக் காட்டுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் வாட்டர் டேங்க் பக்கத்துப் பெஞ்சில்தான் இருப்பேன்.