மலைவழியும் தண்ணீர்ப் பந்தலும்

பத்துமலைத் தைப்பூசத்தின் தொடக்கம் யாது என வினவினால் நம் பள்ளி மாணவரும் விடை கூறுவர். 1891இல் தம்புசாமிப் பிள்ளை குகையில் முருக வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். 1892 முதல் விழா நிகழ்ந்து வருகின்றது. ஆனால் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து மலைவரையுள்ள வழியில் பந்தலிட்டு நீரும் மோரும் வழங்கி வந்தோர் யாவர்? பங்சாரிலும் பிரிக்பீல்ட்சிலும் அதற்கெனப் பணம் திரட்டியோர் எவர்? இவற்றை அறிய விழைவோர் நூலைவிட முதியோரையே நாடவேண்டும்.

சீனரிடம் அத்தகைய நூல் ஒன்று உண்டு. பெய்ஜிங் நகருக்கு மேற்கே மியாவ்ஃபெங் என்னும் மலை உளது. அங்கே பிசியா யுவான்ஜுன் என்ற தாவோ சமயப் பெண்தெய்வத்தை, சீன நான்காம் மாதத்தின் முதற் பதினைந்து நாட்களில் மக்கள் திரண்டு சென்று வணங்குவர். 1925இல் பெய்ஜிங் பல்கலைக்கழக அறிஞர் கு ஜியேகாங் தோழர் நால்வருடன் அம்மலை ஏறினார். படித்தோர் பலர் இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய காலம் அது. அவரும் பக்தராகச் சென்றாரல்லர். மக்களை அறியவே சென்றார். வழிநெடுகச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்த அடியார் குழுக்களின் அறிவிப்புகளைப் படியெடுத்தார்.

அக்குழுக்களின் தொண்டு நமக்குப் புதிதன்று. தேநீர்ப் பந்தலிடுவோர், கஞ்சி ஊற்றுவோர், விளக்கேற்றுவோர், பாதை செப்பனிடுவோர், ஏன், நடந்து தேய்ந்த காலணிகளைத் தைத்துக் கொடுப்போரும் இருந்தனர்! சிங்க ஆட்டமும் பொய்க்கால் ஆட்டமும் ஆடிச் செல்லும் குழுக்கள் வேறு. எதிர்ப்படுவோர் ‘பக்தி’ எனப் பொருள்படும் ஒரு சொல்லையே வணக்கமாகக் கூறிக்கொள்வர். இறங்குவோர் செந்நிறப் பூச்சூடி, அருளை இல்லத்திற்கு எடுத்துச் செல்வர். இவ்வாய்வுக் கட்டுரைகள் முதலில் வெளிவந்ததும் ஒரு நாளிதழின் இணைப்பிலேதான், 1928இல் நூலாயின.

பின்னர்ப் போர் வந்தது. 1966இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கிற்று. கோயில் பாழாயிற்று, யாத்திரை நின்றது. 1980களில் கோயிலை மீண்டும் எழுப்பினர். 1993இல் விழா மீண்டது. 2008இல் அரசு அதனைத் தேசிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. சுற்றுலா வருவாயை நாடியே அதிகாரிகள் இதனை வரவேற்றனர் என்பாரும் உளர். அதில் உண்மை உண்டு. எனினும் கட்டடத்தைப் பணம் கொடுத்து எழுப்பலாம். கஞ்சி ஊற்றும் கையை அவ்வாறு பெற இயலுமா? குழுக்கள் தாமே வந்தன. முதியோர் நினைவில் வைத்திருந்த ஆட்டமுறைகளையும் ஒழுங்குகளையும் இளைஞர் கற்றனர்.

இப்போது மலைமேல் வண்டி செல்லப் பாதை உண்டு. பழைய நடைவழியின் தேநீர்ப் பந்தல்களுட் பல இடிந்து கிடக்கின்றன. காலணி தைப்போருக்கும் வேலை குறைந்துவிட்டது. கஞ்சியும் தேநீரும் மட்டும் விழாநாட்களில் இன்றும் விலையின்றிக் கிடைக்கின்றன.