காணி விற்கும் இணையத்தளம் தேடலில் அகப்பட வேண்டுமானால்

புலம்பெயர்ந்த நாட்டில் இருக்கும் ஒருவர் ஊரில் ஒரு துண்டுக் காணி வாங்க நினைத்தால், முதலில் கைத்தொலைபேசியை எடுத்து ஊர்ப்பெயரையும் ‘காணி’ என்ற சொல்லையும் தட்டிப் பார்க்கிறார். இடம்பெயர்ந்து போய்ப் பல ஆண்டுகளாகத் தன் வளவைக் காணாத இன்னொருவரும் அதே சொற்களைத்தான் தட்டுகிறார். அவர் தேடுவது வாங்குவதற்கல்ல. தனது காணியை வேறு எவரேனும் விற்கப் பார்க்கிறார்களா என்று அறிவதற்காக.

இந்த இருவருடைய கண்ணிலும் படாமல் போகும் விளம்பரத்தால் நேர்மையான தரகருக்கும் பயனில்லை, காணிக்காரருக்கும் பாதுகாப்பில்லை. வடக்கு, கிழக்கில் காணி, வீடு விற்பனைக்கென இணையத்தளம் நடத்துவோர் பெரும் செலவின்றிச் செய்யக்கூடியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

தேடுபொறி என்ன செய்கிறது?

கூகுள் போன்ற தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில் அதன் மென்பொருள் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் செல்கிறது. பின்னர் அங்குள்ள எழுத்தை வாசித்துத் தனது அட்டவணையில் சேர்க்கிறது. கடைசியாக, ஒருவர் தேடும்போது பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. முதல் இரண்டும் நடக்காத பக்கத்துக்கு மூன்றாவது நடக்காது.

வாட்ஸ்அப், வைபர் குழுக்களிலும் மூடிய முகநூல் குழுக்களிலும் போடும் விளம்பரங்கள் இந்த அட்டவணைக்கு வருவதில்லை. அழகாக வடிவமைத்த துண்டுப்பிரசுரத்தைப் படமாக மட்டும் போட்டாலும், படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பியிருக்க முடியாது. ஊர், அளவு, விலை என்பவற்றைப் பக்கத்தில் எழுத்தாகவே தட்டச்சுச் செய்ய வேண்டும்.

பாமினியில் மறைந்த காணிகள்

எங்கள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நீண்ட காலமாகப் பாவனையில் இருப்பது பாமினி எழுத்துரு. திரையில் அது தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. பாமினியில் தட்டிய ‘காணி’ என்ற சொல், தேடுபொறிக்கு எஃப், எச், இசட், பீ என்ற பொருளற்ற நான்கு எழுத்துகள். யுனிகோட்டில் ‘காணி’ என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் ஒருபோதும் வராது.

பழைய பக்கங்களையும் கோப்புகளையும் யுனிகோட்டுக்கு மாற்றுவதே முதல் வேலை. இதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை ஒப்புநோக்க வேண்டும்.

ஊர்ப்பெயரும் அளவும்

வட்டுக்கோட்டையை ஆங்கிலத்தில் எழுதும்போது நாங்கள் ‘டீ’ எழுத்தை இரட்டிப்போம். தமிழகத்து வழக்கில் ‘ரீ’ எழுத்து வரும். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை எதைத் தட்டும் என்று சொல்ல முடியாது. ஆகவே தமிழில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் வைத்து, ஆங்கிலப் பக்கத்தில் வழக்கிலுள்ள எழுத்துக்கூட்டல்களை வசனத்துக்குள் இயல்பாகச் சேர்க்கலாம். இரண்டும் ஒன்றின் இரு மொழி வடிவங்கள் என்பதைப் பக்கத்தின் குறியீட்டில் தெரிவிக்க வசதி உண்டு.

அளவும் அப்படியே. யாழ்ப்பாணத்தார் பரப்புக் கணக்கில் தேடுவார்கள். கொழும்பில் இருப்பவர் பேர்ச் என்று தேடுவார். வன்னியில் ஏக்கர் என்பதே வழக்கம். ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். ‘4 பரப்பு, அதாவது 40 பேர்ச்’ என்று எழுதினால் இரண்டு விதமாகத் தேடுபவர்களும் வந்து சேர்வார்கள்.

ஒரு காணிக்கு ஒரு பக்கம்

ஐம்பது காணிகளை ஒரே பக்கத்தில் அடுக்கினால், அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறிக்குப் புரிவது கடினம். ஒவ்வொரு காணிக்கும் தனிப் பக்கமும் தனி முகவரியும் கொடுங்கள். தலைப்பு ‘விற்பனைக்கு’ என்று மட்டும் இல்லாமல், ‘கோப்பாயில் 4 பரப்பு உறுதிக்காணி விற்பனைக்கு’ என்பதுபோல் இருக்கட்டும். பிரதான வீதியிலிருந்து எவ்வளவு தூரம், கிணறு உண்டா, நன்னீரா உவர் நீரா, பாதையின் அகலம் என்ன என்பவற்றை எழுதுங்கள். வாங்குபவர் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் இவைதான். அவற்றுக்குப் பதில் சொல்லும் பக்கத்தையே தேடுபொறியும் விரும்புகிறது.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தொகுப்புப் பக்கம் வைத்து, அங்கிருந்து அந்த ஊர்க் காணிகளுக்கு இணைப்புக் கொடுக்கலாம். கூகுள் இப்போது கைத்தொலைபேசியில் தெரியும் வடிவத்தையே வாசித்து அட்டவணைப்படுத்துகிறது. எனவே படங்களின் அளவைச் சுருக்கி, பக்கம் விரைவாகத் திறக்கும்படி செய்ய வேண்டும். விற்றுப்போன காணியை ‘விற்கப்பட்டது’ என்று குறித்துவிடுங்கள், அல்லது நீக்கிவிடுங்கள்.

‘கூகுள் சேர்ச் கொன்சோல்’ என்ற இலவசச் சேவையில் தளத்தைப் பதிந்தால், எந்தப் பக்கங்கள் அட்டவணையில் உள்ளன, எந்தச் சொற்களைத் தேடி மக்கள் வருகிறார்கள் என்று பார்க்கலாம். அலுவலகம் வைத்திருப்போர் கூகுள் வரைபடத்திலும் இலவசமாகப் பதியலாம்.

‘முதலிடம்’ விற்பவர்கள்

பணம் தந்தால் முதலிடத்துக்குக் கொண்டுவருவோம் என்று சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். முதலிடத்துக்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. பக்கத்தின் குறியீட்டுக்குள் சிறப்புச்சொல் பட்டியல் இடுவதற்குக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். வரிசைப்படுத்தலுக்கு அந்தப் பட்டியலைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதும், காசுக்கு இணைப்பு வாங்குவதும் தளத்தைப் பின்தள்ளக்கூடும். செய்த திருத்தத்தின் பலன் தெரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

எதை எழுதுவது, எதை மறைப்பது?

காணி எவ்வகையானது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை, உறுதிக்காணிபோல் விரும்பியபடி விற்க முடியாது. தேசவழமைக்கு உட்பட்ட பங்குக் காணியாயின், வெளியாருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். இவற்றை மறைத்து வாங்குபவரை அழைத்து வருவதால் நாளை வழக்குத்தான் மிஞ்சும்.

ஆனால் உறுதியின் படம், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் என்பவற்றை ஒருபோதும் தளத்தில் போடாதீர்கள். தேடுபொறி எல்லோருக்கும்தான் காட்டும். கள்ள உறுதி முடிப்பவருக்கும் காட்டும். தவறிப் போட்டிருந்தால் உடனே நீக்குங்கள். பின்னர் சேர்ச் கொன்சோலில் அகற்றும்படி கேளுங்கள். அந்த அகற்றல் ஏறத்தாழ 6 மாதங்களுக்கே செல்லும் என்பதால், மூலப் பக்கத்தையும் நீக்கினால்தான் பயன்.

காணிப் பெயர் வேறு விடயம். எங்கள் உறுதிகளில் பல காணிகளுக்குத் தனிப்பெயர் உண்டு. ஊரோடு காணிப் பெயரையும் விளம்பரத்தில் எழுதும் தரகர், தூரத்தில் இருக்கும் உரித்தாளரும் பங்காளிகளும் அதைக் கண்டுகொள்ள வழிவிடுகிறார். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவருக்கு அதில் நட்டமில்லை.

தூரத்தில் இருக்கும் காணிக்காரருக்கு

உங்கள் ஊர்ப்பெயரையும் காணிப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் இட்டு இடைக்கிடை தேடிப் பாருங்கள். ‘கூகுள் அலர்ட்ஸ்’ சேவையில் அச்சொற்களைப் பதிந்து வைத்தால், புதிதாக அகப்படுபவை மின்னஞ்சலுக்கு வரும். சந்தேகமான விளம்பரம் கண்டால், பக்கத்தின் முகவரியும் திகதியும் தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொண்டு, தளத்தாருக்கும் பொலிஸாருக்கும் அறிவியுங்கள். காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பார்ப்பதும், சட்டத்தரணியின் ஆலோசனையோடு கேவியட் எனப்படும் ஆட்சேபத்தைப் பதிவதும் அடுத்த படிகள். தேடலில் எதுவும் வரவில்லை என்பதற்காகக் காணி பத்திரமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ஊரில் நம்பிக்கையான ஒருவர் மாதம் ஒருமுறை வேலியைப் பார்த்து வருவது இன்றைக்கும் அவசியம்.