ஸ்பிட்ஃபயரைப் பிழைக்க வைத்த பட்டறைகள்

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலுள்ள கேன்லி தொழிற்சாலை 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார்களைச் செய்தது. பணக்காரர்களுக்கென்று பிறந்த வண்டி அல்ல அது. ஹெரால்ட் என்ற குடும்பக் காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே 1147 சிசி எஞ்சினைச் சற்று முடுக்கி, கியர்பாக்ஸையும் பின் அச்சையும் அதிலிருந்தே எடுத்து, இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த இரண்டு இருக்கை உடலை மேலே பூட்டினார்கள். விலை குறைவு என்பதால் இளைஞர்கள் வாங்கினார்கள். அதே காரணத்தால் பழசானதும் கவனிப்பாரற்றுப் போனது. 1984இல் டிரையம்ஃப் பெயரில் கார் வருவதே நின்றது. பத்து ஆண்டுகள் கழித்துப் பெயருரிமை பி.எம்.டபிள்யூ கைக்குப் போனது. தயாரித்த நிறுவனம் கைவிட்ட பிறகும் இந்த வண்டிகள் சாலையில் இருப்பதற்கு முதல் காரணம், இந்த ஒரு குடும்பத்துக் கார்களையே திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டிய சிறு பட்டறைகள். வயதான ஸ்போர்ட்ஸ் காரில் எந்தப் பழுதை முதலில் பார்ப்பது என்று தீர்மானிப்பதற்கு முன், அதை யார் பார்ப்பது என்று தீர்மானிக்க வேண்டும். ஸ்பிட்ஃபயரின் வரலாறு சொல்வது இதைத்தான்.

கிளட்சை எடுத்துக்கொள்வோம். ஸ்பிட்ஃபயரின் கியர்பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே வெளியே எடுக்கலாம். இருக்கைகளையும் நடுவிலுள்ள மூடியையும் கழற்றினால் போதும். வேலை எளிதாகத் தெரிவதால் எந்தப் பட்டறையும் ஒப்புக்கொள்ளும். ஆனால் கிளட்ச் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் ஷாஃப்ட் முன்பக்கமாகத் தள்ளப்படுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குபவை பின் பேரிங்குக்குப் பக்கத்திலுள்ள மெல்லிய அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். அவை அளவுக்கு மீறித் தேய்ந்தால் கழன்று எண்ணெய்த் தொட்டிக்குள் விழும். பிறகு கிராங்க் நேரடியாக எஞ்சின் பிளாக்கை உரசும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் முன்னாலுள்ள புல்லி நகர்கிறதா என்று பார்த்தாலே இந்த ஆட்டம் தெரிந்துவிடும். காலத்தில் கண்டுபிடித்தால் எஞ்சினை இறக்காமல் எண்ணெய்த் தொட்டியை மட்டும் கழற்றி வாஷரை மாற்றலாம். இந்த வண்டியை அறிந்த மெக்கானிக் கிளட்சுக்கு விலை சொல்வதற்கு முன் புல்லியைப் பார்ப்பார். அறியாதவர் புது கிளட்சைப் பூட்டி, பாழாகப்போகிற எஞ்சினோடு வண்டியைத் திருப்பித் தருவார்.

ஓவர்டிரைவ் இன்னொரு சாட்சி. லேகாக் நிறுவனத்தின் இந்தக் கூடுதல் கியர் அமைப்பு மின்சாரத்தால் இயக்கப்படுவது. வேலை செய்யாதபோது குற்றம் பெரும்பாலும் சுவிட்சிலோ வயரிலோ சொலினாய்டிலோதான் இருக்கும். கியர்பாக்ஸை இறக்கிவிட்டு யோசிப்பவருக்கும், முதலில் ஒரு டெஸ்ட் விளக்கை எடுப்பவருக்கும் இடையே பெருந்தொகை வித்தியாசம் உண்டு. பின் சக்கர ஹப்பும் அப்படித்தான். கூம்பு வடிவத் தண்டில் இறுகிப்போன அதைக் கழற்ற, டிரையம்ஃப் டீலர்கள் வைத்திருந்ததைப் போன்ற சர்ச்சில் கருவி வேண்டும். இல்லாதவர் சுத்தியலை எடுத்தால் மரையும் விளிம்பும் போய்விடும்.

நம் ஊர் அனுபவமும் இதற்குத் துணை நிற்கிறது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961இலிருந்து ஹெரால்டைத் தயாரித்தது. பின் சக்கரங்கள் தனித்தனியே அசையும், ஸ்பிட்ஃபயரிலிருந்த அதே ஸ்விங் ஆக்ஸில் அதிலும் இருந்தது. 1970களில் அதன் இடத்துக்கு வந்த கெஸல் காரில் நிறுவனம் அதை விட்டுவிட்டு, இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் கெட்டியான பின் ஆக்ஸிலுக்கு மாறியது. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் இங்குள்ள பட்டறைகளுக்குக் கைபழகிய அமைப்பு அது. ஒரு பாகம் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதில் இரும்பின் தரத்தைப் போலவே அதைத் தொடும் கையின் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

இவ்வளவு எளிய வண்டியை நல்ல மெக்கானிக் யாரும் கையேட்டைப் பார்த்துச் செய்யலாமே என்று கேட்கலாம். கையேடு தொழிற்சாலையிலிருந்து வந்த காரைப் பற்றிப் பேசுகிறது. ஐம்பது ஆண்டு ஓடிய காரில் ஹெரால்டின் கியர்பாக்ஸ் இருக்கலாம், வேறொரு மாடலின் டிஃபரென்ஷியல் இருக்கலாம். முதல் கியரில் சிங்க்ரோ இல்லாத பழைய பெட்டியும், 1970இல் வந்த மார்க் 4இன் பெட்டியும், அதற்குப் பின் ஸ்பிட்ஃபயர் 1500 மாடலில் வந்த பெட்டியும் வேறு வேறு. எது உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் பாகம் வாங்குவது பணத்தை வீணாக்கும். தயாரிப்பாளரே பழைய கார்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அடுத்த வாதம். மாஸ்டா 2017இல் தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்குச் சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. நிஸ்ஸான் அதே ஆண்டு ஸ்கைலைன் ஜி.டி.ஆருக்குப் பழைய பாகங்களைத் திரும்பத் தரத் தொடங்கியது. வரவேற்க வேண்டியவைதான். ஆனால் நிறுவனம் உயிரோடும் மனத்தோடும் இருக்கும் வரைதான் அந்த ஆதரவு; டிரையம்ஃபுக்கு அது வாய்க்கவில்லை.

செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும் என்பதே கனமான ஆட்சேபம். அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால்தான் நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பது முக்கியமாகிறது: எஞ்சினைக் கெடுக்கும் குறை முதலில், ஓட்டுவதற்கு ஆபத்தான யு-ஜாயிண்ட் தேய்மானம் அதோடு சேர்த்து, வெறுமனே சத்தம் போடும் டிஃபரென்ஷியல் கடைசியில். இந்த வரிசையைச் சொல்லத் தெரிந்தவர் மணிக்கூலி கூடுதலாகக் கேட்டாலும் மொத்தத்தில் மலிவானவர். ஆகவே பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போனதும் விலையைக் கேட்காதீர்கள். இந்த மாடலில் எது முதலில் கெடும், அதை எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேளுங்கள். கியர்பாக்ஸைக் கழற்றாமலே பதில் சொல்லத் தொடங்குகிறவரிடம் சாவியைக் கொடுங்கள்.