பட்டு, நைலான், பாலிஎத்திலீன்: அமெரிக்க பாஸ் மீன்பிடியில் தூண்டில் இழையும் அதன் பேணுகையும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க நன்னீர் மீன்பிடியில் பாஸ் மீனைப் பிடிக்கப் பயன்பட்ட தூண்டில் இழை, 19ஆம் நூற்றாண்டிலிருந்து பட்டு, நைலான், பாலிஎத்திலீன் என மாறி வந்துள்ளது. இம்மாற்றம் வலிமையின் வரலாறாகவே பெரிதும் சொல்லப்படுகிறது. இழையைப் பேணும் உழைப்பு யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்ற வினாவை முன்வைத்து, இக்கட்டுரை அவ்வரலாற்றை மறுவாசிப்புச் செய்கிறது. அழியாத இழை மீனவனின் அன்றாட உழைப்பைக் குறைத்தது. அதே அழியாமை நீர்நிலையின் சுமையாயிற்று என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: தூண்டில் இழை, பாஸ் மீன், பட்டு, நைலான், பேணுகை, பொருள்சார் பண்பாடு

1. முன்னுரை

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாக எழுதப்படுகிறது. ஒரு கருவி நாள்தோறும் எவ்வாறு உலர்த்தப்பட்டது, தேய்ந்த பகுதி எப்போது வெட்டி எறியப்பட்டது என்பன அரிதாகவே பதிவு பெறுகின்றன. தூண்டில் இழை இவ்வகையில் ஆராயத்தக்க சான்றாகும். கோலும் உருளையும் தலைமுறைகள் கடந்து நிற்கும். இழையோ தேய்ந்து தீரும் பொருள். எனவே அதைத் தெரிவு செய்வதும் பேணுவதும் ஓயாத செயல்களாகின்றன. வட அமெரிக்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் கரும்பாஸ் இனத்தை, குறிப்பாகப் பெருவாய் பாஸ் மீனை மையமாகக் கொண்ட மீன்பிடி, இதற்கு விரிவான களமாக அமைகிறது.

2. பட்டும் புழு நரம்பும்

1653இல் ஐசக் வால்டன் தம் தூண்டில் நூலை வெளியிட்ட காலத்தில், ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் குதிரைவால் மயிரை முறுக்கி இழையாக்கினர். இழையைக் கோலின் நுனியில் கட்டிப் பிடிப்பதற்கு அது போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் நிலை வேறானது. கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் நகரில் கடிகாரத் தொழிலாளரான ஜார்ஜ் ஸ்னைடர் 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் பற்சக்கரம் பொருத்திய ரீல்களைச் செய்தார். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை பலமுறை சுழலும் இந்த ரீல், இரையை நெடுந்தொலைவு வீச வழி செய்தது. அத்தகைய வீச்சுக்கு மெல்லியதும் மென்மையானதுமான இழை வேண்டியிருந்தது. பட்டு அத்தேவையை நிறைவு செய்தது. மருத்துவரான ஜேம்ஸ் ஹென்ஷல் 1881இல் வெளியிட்ட ‘கரும்பாஸ் நூல்’ கோல், ரீல், இழை ஆகியவற்றைத் தனித்தனியே விரித்துரைப்பது, இழைத்தெரிவு அக்காலத்திலேயே தனியறிவாக வளர்ந்திருந்ததைக் காட்டுகிறது.

பட்டு நீரை உறிஞ்சும்; நனைந்தால் வலிமை குன்றும்; ஈரத்தோடு ரீலில் கிடந்தால் மக்கும். ஆகவே மீன்பிடித்துத் திரும்பியதும் இழை முழுவதையும் ரீலிலிருந்து பிரித்து, சட்டத்தில் சுற்றி நிழலில் உலர்த்துவது தவிர்க்கவியலாத கடமையாயிற்று. தூண்டில் முள்ளுக்கு அருகே கட்டப்பட்ட முன்னிழை பட்டுப்புழுவின் நரம்பால் ஆனது. கூடு கட்டவிருக்கும் புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச்சுரப்பியை இழுத்து நீட்டி இந்நரம்பைச் செய்தனர். ஸ்பெயினின் மூர்சியா வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. நரம்பின் பேணுகை பட்டுக்கு நேர்மாறானது. உலர்ந்த நரம்பு ஒடியும் என்பதால் கட்டுவதற்கு முன் அதை நீரில் ஊறவைக்க வேண்டும். ஒரே தூண்டிலில் ஒரு பகுதியை நனைத்தும் மற்றொரு பகுதியை உலர்த்தியும் காத்தமை, அக்கால மீன்பிடி அறிவின் நுட்பத்தைப் புலப்படுத்தும்.

இவற்றோடு சணலிழை எனப்படும் லினனும் வழக்கில் இருந்தது. 1824இல் லெஸ்டர் கிராண்டல் ரோட் ஐலண்டு மாநிலத்தின் ஆஷவே ஊரில் தொடங்கிய நிறுவனம் இழைத்தொழிலில் முன்னோடியாகும். லினன் நனைந்தால் வலுப்பெறும். ஆயினும் ஈரத்தில் விட்டால் அதுவும் மக்கும். அதன் வலிமை புரிகளின் எண்ணிக்கையால் சுட்டப்பட்டது. ஒரு புரிக்குச் சுமார் 3 பவுண்டு என்பது நடைமுறைக் கணக்கு.

3. நைலானின் வருகை

டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் ஆய்வுக்குழு 1935 பிப்ரவரி 28இல் நைலான் 66ஐ உருவாக்கியது. 1938 அக்டோபரில் அது பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் பற்தூரிகையின் மயிராக நைலான் விற்பனைக்கு வந்தது. பருத்த ஒற்றை இழையாக நைலானை வடிக்க இயன்றமையே அது தூண்டிலுக்கு வரவும் வழிவகுத்தது. 1941இல் ஜப்பானியச் சொத்துக்கள் முடக்கப்பட்டதும் அமெரிக்காவுக்குப் பட்டு வரத்து நின்றது. நைலானும் பாராசூட் முதலிய போர்த்தேவைகளுக்குத் திருப்பப்பட்டது. ஆகவே அது தூண்டில்காரர்களின் கையில் பரவலாகச் சேர்ந்தது போருக்குப் பின்னரே.

தொடக்கக்கால நைலான் ஒற்றை இழை விறைப்பானது. ரீலில் சுற்றிய வடிவத்தை மறவாது சுருண்டு நிற்கும். இதனால் பழைய ரீல்களில் பின்னிய இழைகளே நீடித்தன. மாற்றத்திற்குத் துணை நின்றவை புதிய ரீல்கள். உருளை சுழலாமல் இழை மட்டும் நழுவி வெளியேறும் நிலையுருளை ரீல்கள் ஐரோப்பாவிலிருந்து வந்து பரவின. எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துவந்த டல்சா நகரின் ‘ஜீரோ ஹவர் பாம்’ நிறுவனம் 1949இல் மூடிய முகப்புடைய ரீலைத் தயாரித்தது. அதுவே பின்னர் ‘ஜெப்கோ’ எனப் பெயர் பெற்றது. 1950களின் இறுதியில் டூபாண்டின் ‘ஸ்ட்ரென்’ போன்ற மென்மையான ஒற்றை இழைகள் சந்தைக்கு வந்தன.

நீர்நிலையும் மாறியிருந்தது. 1933இல் அமைந்த டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் முதலியன கட்டிய அணைகளால் மரங்களும் அடிக்கட்டைகளும் நீரில் மூழ்கின. பாஸ் மீன் அவ்விடங்களில் பதுங்கும். எனவே உராய்வைத் தாங்கும் இழை தேவைப்பட்டது. 1967இல் ரே ஸ்காட் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரைக் கொண்டு போட்டி நடத்தினார். அடுத்த ஆண்டில் பாஸ் மீன்பிடிப்போர் சங்கத்தை நிறுவினார். போட்டியில் இழை அறுவது பரிசிழப்பு என்பதால், இழைத்தெரிவு மேலும் கூர்மையடைந்தது.

4. மாறிய பேணுகை

நைலானை உலர்த்த வேண்டியதில்லை. ஆயினும் பேணுகை ஒழியவில்லை; அதன் வடிவம் மாறியது. பட்டின் பகை ஈரம்; நைலானின் பகை வெயிலும் உராய்வும். புறஊதாக் கதிரால் நைலான் நலிவதால், ரீலை வெயில்படாத இடத்தில் வைக்க வேண்டும். முள்ளுக்கு மேலுள்ள சில அடி இழையை விரலிடையே ஓட்டிப் பார்த்து, சொரசொரப்புத் தென்பட்டால் வெட்டி மறுமுடிச்சு இடவேண்டும். முடிச்சை இறுக்கும் முன் நனைக்க வேண்டும். உலர்ந்த முடிச்சு இறுகும்போது எழும் உராய்வு வெப்பம் இழையை நலிவுறுத்தும். ஈரத்தைக் கண் அறியும். நுண்கீறலை விரலே அறியும்.

பின்வந்த இழைகள் தெரிவை விரித்தன. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் புளூரோகார்பன் இழையைக் கொணர்ந்தது. இதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, நைலானுடையது சுமார் 1.53, நீருடையது 1.33. எனவே புளூரோகார்பன் நீரில் குறைவாகவே புலப்படும். அடர்த்தி சுமார் 1.78 ஆதலால் அது மூழ்கும். 1990களில் பரவிய பாலிஎத்திலீன் பின்னிழையின் அடர்த்தி சுமார் 0.97; அது மிதக்கும், நீளாது. அது வழுவழுப்பானது என்பதால், ரீலில் முதலில் சில சுற்று நைலானைச் சுற்றி அதன்மேல் அதை ஏற்றுவர். ஆழத்தில் செலுத்தும் இரைக்குப் புளூரோகார்பன், நீர்ப்பாசி அடர்ந்த இடத்திற்குப் பின்னிழை, பொதுப் பயனுக்கு நைலான் என இன்று பகுப்பு நிலைத்துள்ளது.

5. அழியாமையின் விலை

மக்குதல் பட்டின் குறையாகக் கருதப்பட்டது. ஆனால் அறுந்து நீரில் விழுந்த பட்டு தானே மறைந்தது. அறுந்த நைலானோ மறைவதில்லை. பறவைகளும் ஆமைகளும் அதில் சிக்குகின்றன. பெர்க்லி பெடல் 1937இல் அயோவாவில் சிறுவனாகத் தொடங்கிய ‘பெர்க்லி’ நிறுவனம் போன்றவை பிற்காலத்தில் பழைய இழையைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய முன்வந்தன. படகுத்துறைகளில் இழை சேகரிக்கும் குழாய்கள் நிறுவப்பட்டன. வீட்டில் தனியொருவர் ஆற்றிய பேணுகைக் கடமை, இவ்வாறு பொதுக்கடமையாக உருமாறியது.

6. முடிவுரை

தூண்டில் இழையின் வரலாறு பேணுகை குறைந்த வரலாறன்று, பேணுகை இடம்பெயர்ந்த வரலாறு. இம்முடிபு தமிழ்க் கடற்கரை ஆய்வுக்கும் பயன்படும். பருத்தி வலைகளை மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து நாள்தோறும் உலர்த்திய உழைப்பு, நைலான் வலைகளின் வரவால் இங்கும் மறைந்தது. யாழின் தந்தியைக் குறித்த ‘நரம்பு’ என்ற சொல் இன்று நைலான் தூண்டில் இழைக்கும் வழங்குகிறது. ஈழத்தில் அதே இழை ‘தங்கூசி’ எனப்படுகிறது. புதிய பொருள் எப்போது வந்தது என்பதோடு, அது வந்தபின் எந்த உழைப்பு நின்றது, எந்தச் சொற்கள் வழக்கொழிந்தன என்பதையும் களஆய்வில் பதிவு செய்வது உடனடித் தேவை. பருத்தி வலையை உலர்த்திய தலைமுறையின் நினைவே அதற்குரிய முதன்மைச் சான்றாகும்.