வெளிநாட்டுக் குடும்பச் சுற்றுலா: பெட்டியில் இருக்க வேண்டிய சிறு பொருள்களும், வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டியவையும்

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பெட்டி கட்டும்போது பெரும்பாலான குடும்பங்கள் உடைகளைப் பற்றியே அதிகம் கவலைப்படுகின்றன. ஆனால், மறந்துபோன சட்டையை எந்த நாட்டிலும் வாங்கிக்கொள்ளலாம். மொழி தெரியாத ஊரில் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தேவைப்படும் வெப்பமானியையும் மருந்தையும் அவ்வளவு எளிதாகத் தேடிப் பிடிக்க இயலாது. மறுபுறம், நம் சமையலறையில் அன்றாடம் புழங்கும் கசகசா, சில நாடுகளின் விமான நிலையங்களில் தடை செய்யப்பட்ட பொருளாகிவிடுகிறது.

எனவே, எந்தப் பொருளையும் பெட்டியில் வைக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. தேவைப்படும் நேரத்தில் இது அங்கே கிடைக்குமா? அந்நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறதா? இந்தியக் குடும்பங்கள் பெருமளவில் செல்லும் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளை முதன்மையாகக் கொண்டு, இவ்விரு கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

மருந்துகளுக்குக் கைப்பையில் முதலிடம்

நீரிழிவு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவற்றுக்கு அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளை விமானத்தில் உடன் கொண்டு செல்லும் கைப்பையிலேயே வைக்க வேண்டும். சரக்குப் பகுதிக்கு அனுப்பும் பெட்டி தாமதமானாலும் சிகிச்சை தடைபடாது. இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது என்பதால், அதைச் சரக்குப் பகுதிக்கு அனுப்பக் கூடாது. பயண நாள்களுக்குத் தேவையான அளவோடு, விமானம் தாமதமாகும் வாய்ப்பைக் கருதி மூன்று, நான்கு நாள்களுக்குக் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துச் செல்லும் பழக்கம் பலரிடம் உள்ளது. வெளிநாட்டுப் பயணத்தில் இதைத் தவிர்க்க வேண்டும். பெயர் அச்சிடப்பட்ட அட்டையுடனும், மருத்துவரின் பரிந்துரைச் சீட்டுடனும் இருந்தால்தான் சுங்க அதிகாரிகளால் மருந்தை அடையாளம் காண இயலும். இந்திய வணிகப் பெயர்கள் பிற நாடுகளில் புழக்கத்தில் இல்லாதிருக்கலாம் என்பதால், மருந்தின் மூலப்பெயரையும் ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

இதில் கூடுதல் கவனம் தேவைப்படுபவை கோடீன், டிரமடால் போன்ற வலி நிவாரணிகளும், டையஸிபம் போன்ற தூக்க, மனஅமைதி மருந்துகளும் ஆகும். சிலவகை இருமல் மருந்துகளிலும் கோடீன் கலந்திருக்கும். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். இவற்றைக் கொண்டு செல்வதற்குச் சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்திடமும், அமீரகத்தில் உரிய அரசுத் துறையிடமும் இணையவழியில் முன் அனுமதி பெற வேண்டும். ஜப்பான் செல்வோர், ஒரு மாதத் தேவைக்கு மேற்பட்ட பரிந்துரை மருந்துகளைக் கொண்டு செல்ல வேண்டுமெனில் முன்கூட்டியே இறக்குமதிச் சான்று பெற வேண்டும்.

குழந்தைகளுடன் செல்வோர் டிஜிட்டல் வெப்பமானி, மருத்துவர் அறிவுறுத்திய காய்ச்சல் மருந்து, அதை அளந்து ஊட்டுவதற்கான கரண்டி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஆகியவற்றைத் தனிப் பையில் வைக்கலாம். ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது, உலக சுகாதார நிறுவனத்தின் கலவை விகிதப்படி தயாரிக்கப்பட்டதா என்று பார்ப்பது அவசியம். பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கானதா, 200 மில்லி லிட்டருக்கானதா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொடியைச் சிறு குவளை நீரில் கலந்து கொடுத்தால் உப்பின் அளவு மிகுந்து குழந்தைக்குத் தீங்காகிவிடும்.

பவர் பேங்க்: எங்கே வைப்பது, எவ்வளவு அனுமதி?

லித்தியம் மின்கலன் கொண்ட பவர் பேங்கைச் சரக்குப் பகுதிக்கு அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில் மட்டுமே கொண்டு செல்லலாம். பயணிகள் பகுதியில் தீப்பற்றினால் ஊழியர்கள் உடனே கண்டு அணைக்க முடியும்; சரக்குப் பகுதியில் அது இயலாது என்பதே காரணம்.

100 வாட் மணி வரையிலான பவர் பேங்குக்குப் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வாட் மணி வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு அனுமதி இல்லை. மில்லி ஆம்பியர் அளவை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட் மணி கிடைக்கும். அவ்வகையில் 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்கின் அளவு 74 வாட் மணி. இந்த எண்கள் அழிந்துபோன பழைய பவர் பேங்கைச் சோதனையின்போது அதிகாரிகள் அனுமதிக்க மறுக்கக்கூடும்.

2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தீக்கிரையானதைத் தொடர்ந்து விதிகள் மேலும் இறுகின. தாய் ஏர்வேஸ் 2025 மார்ச் முதலும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் முதலும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதைத் தடை செய்தன. எமிரேட்ஸ், ஒரு பயணிக்கு ஒரு பவர் பேங்க் என்றும் வரம்பிட்டுள்ளது. ஆகவே, வீட்டிலிருந்து புறப்படும் முன்பே எல்லாக் கைப்பேசிகளையும் முழுமையாகச் சார்ஜ் செய்துகொள்ள வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. விமானத்தில் இடமில்லை என்று கூறி, நுழைவாயிலில் கைப்பெட்டியை வாங்கிச் சரக்குப் பகுதிக்கு அனுப்புவது வழக்கம். அப்போது பெட்டிக்குள் இருக்கும் பவர் பேங்கை மறவாமல் வெளியே எடுத்துவிட வேண்டும். மருந்துப் பையையும் கடவுச்சீட்டுகளையும் அதே வேளையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு அடாப்டர், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் ஆகிய நாடுகளில் மூன்று செவ்வக முனைகள் கொண்ட பிரிட்டிஷ் வகைப் பிளக்குகளே பயன்பாட்டில் உள்ளன. நம் உருண்டை முனைப் பிளக்குகள் அவற்றில் பொருந்தா. பேனா முனையால் துளையைத் திறந்து பிளக்கைச் செருகுவது மின் அதிர்ச்சிக்கு வழிவகுக்கும். தாய்லாந்தின் பெரும்பாலான சுவர்ப் பொருத்திகளில் இரு முனை இந்திய சார்ஜர்கள் பொருந்தும்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு அடாப்டர்கள் வாங்க வேண்டியதில்லை. ஒரு தரமான அடாப்டரும், வீட்டில் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் போதும். அடாப்டரில் அதைச் செருகிவிட்டால், எல்லாக் கைப்பேசிகளையும் நம் சார்ஜர்களைக் கொண்டே சார்ஜ் செய்யலாம். ஆனால் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் போன்ற அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளை இதில் இணைக்கக் கூடாது.

அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட் மட்டுமே. சார்ஜரின் மேல் 100-240 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருந்தால் அங்கும் பயன்படுத்தலாம். 230 வோல்ட்டுக்கு மட்டும் தயாரிக்கப்பட்ட இந்தியக் கெட்டில் அங்கே சரிவர இயங்காது.

பலரும் நினைத்துப் பார்க்காத பொருள்கள்

பருத்தித் துண்டு: துடைத்துக்கொள்வதற்கு மட்டுமின்றி, குளிரூட்டப்பட்ட பேருந்தில் குழந்தைக்குப் போர்வையாகவும் பயன்படும். பாங்காக் அரண்மனை வளாகம் போன்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். அத்தகைய இடங்களுக்குச் செல்லும் நாளில் ஒரு துப்பட்டாவும் வேட்டியும் பையில் இருப்பது உதவும்.

காலித் தண்ணீர் பாட்டில்: பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட திரவத்துக்குத் தடை இருப்பினும், காலிப் பாட்டிலுக்குத் தடை இல்லை. சிங்கப்பூரின் சாங்கி உள்ளிட்ட விமான நிலையங்களில் சோதனைக்குப் பின் குடிநீர் நிரப்பிக்கொள்ளலாம்.

கைத் தராசு: பெட்டியின் கைப்பிடியில் மாட்டி எடை பார்க்கும் சிறு கருவி. திரும்பும் பயணத்தில் கூடுதல் எடைக்குக் கட்டணம் செலுத்துவதைத் தவிர்க்கலாம்.

சிம் ஊசியும் ஒட்டு நாடாவும்: வெளிநாட்டு சிம் கார்டு பொருத்தியபின், கழற்றிய இந்திய சிம்மைத் தொலைத்துவிடுவோர் உண்டு. அதைக் கைப்பேசி உறையின் உட்புறம் ஒட்டி வைக்கலாம்.

நைலான் கயிறும் துணிக் கிளிப்புகளும்: நீச்சல் உடைகளையும் குழந்தைகளின் ஆடைகளையும் குளியலறையில் உலர்த்த உதவும்.

முகவரி அட்டை: தங்கும் விடுதியின் பெயரை உள்ளூர் மொழியில் அச்சிட்ட அட்டையை, பெற்றோரின் கைப்பேசி எண்ணுடன் ஒவ்வொரு குழந்தையின் பையிலும், முதியோரின் பையிலும் வைக்க வேண்டும். தாய்லாந்தில் ஆங்கிலம் அறியாத வாகன ஓட்டியிடம் இதைக் காட்டினாலே போதும். நாள்தோறும் காலையில் வெளியே கிளம்பும் முன் குழந்தைகளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் பயன் தரும். கூட்டத்தில் குழந்தை காணாமற்போனால், அன்று அணிந்திருந்த உடையைக் காவலரிடம் உடனே காட்டலாம்.

துணிப்பைகள்: கென்யா 2017-ஆம் ஆண்டு முதல் பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடை செய்துள்ளது. தான்சானியாவிலும் 2019 முதல் தடை உள்ளது. வனவிலங்குச் சுற்றுலாவுக்கு இந்நாடுகளுக்குச் செல்வோர், பொருள்களைத் துணிப்பைகளில் பிரித்து வைப்பதே சரி.

வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டியவை

கசகசா: இதில் மார்ஃபினின் நுண்ணிய எச்சம் இருக்கக்கூடும் என்பதால் சிங்கப்பூரும் அமீரகமும் போதைப்பொருள் சட்டங்களின்கீழ் இதைத் தடுக்கின்றன. வீட்டில் அரைத்த குருமாப் பொடியிலும் பிரியாணி மசாலாவிலும் கசகசா சேர்ந்திருக்கலாம். அவற்றையும் தவிர்க்க வேண்டும்.

வெற்றிலை, புகையிலை: வெற்றிலையும் பானும் துபாயில் தடை செய்யப்பட்டவை. மெல்லும் புகையிலை, குட்கா, மின்னணு சிகரெட், சூயிங்கம் ஆகியவற்றைச் சிங்கப்பூருக்குக் கொண்டு செல்ல இயலாது. தாய்லாந்தும் மின்னணு சிகரெட்டைத் தடை செய்துள்ளது.

கொப்பரைத் தேங்காய்: எண்ணெய்ச் சத்து மிகுந்திருப்பதால் வெப்பத்தில் தானாகத் தீப்பற்றும் தன்மை உடையது. சரக்குப் பகுதிக்கு அனுப்பும் பெட்டியில் இதற்கு அனுமதி இல்லை.

நெய், பன்னீர், இறைச்சி: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டு செல்லத் தடை உள்ளது. குழந்தைகளுக்கான பால் மாவுக்கு வரம்புடன் விலக்கு உண்டு. ஆஸ்திரேலியா செல்வோர் உணவுப் பொருள்கள் அனைத்தையும் வருகைப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் அங்கேயே அபராதம் விதிக்கப்படும்.

பிறர் தரும் பொட்டலம்: உறவினருக்குச் சேர்த்துவிடும்படி அக்கம்பக்கத்தினர் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. போதைப்பொருள் கடத்தலுக்குச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மரண தண்டனை வரை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பெட்டியில் இருப்பதற்கு முதலில் விளக்கம் தர வேண்டியவர் பெட்டியின் உரிமையாளரே.

ஆவணங்களும் பணமும்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. குழந்தைகளின் கடவுச்சீட்டு பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கே வழங்கப்படுவதால், பெற்றோருடையது செல்லுபடியாகும்போதும் பிள்ளையுடையது காலாவதியாகியிருக்கலாம். தாயோ தந்தையோ தனியாகக் குழந்தையை அழைத்துச் சென்றால், மற்றவரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் உடன் இருப்பது நல்லது.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் இணையவழி வருகை அட்டையைக் கட்டாயமாக்கியுள்ளன. தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அரசின் அதிகாரபூர்வ இணையதளங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எனில், அது அரசின் தளம் அல்ல என்று அறியலாம்.

2020-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலி வழியே அதை இயக்கிவிட்டுப் புறப்பட வேண்டும். இந்திய எண்ணில் ரோமிங் வசதி இல்லாவிடில் ஓ.டி.பி. வந்து சேராது. சிங்கப்பூர், அமீரகம், இலங்கை உள்ளிட்ட நாடுகளில் சில கடைகளில் யு.பி.ஐ. ஏற்கப்படுகிறது, அதை மட்டுமே நம்பிச் செல்ல இயலாது.

திருமணம் போன்ற நிகழ்வுகளுக்கு மதிப்புமிக்க நகைகளை அணிந்து செல்வோர், புறப்படும் விமான நிலையத்தின் சுங்கப் பிரிவில் ஏற்றுமதிச் சான்றிதழ் பெறலாம். திரும்பும்போது அவை வெளிநாட்டில் வாங்கியவை அல்ல என்று நிறுவ அது உதவும்.

பெட்டி வந்து சேராவிட்டால்

ஒருவருக்கு ஒரு பெட்டி என்று பிரிக்காமல், எல்லோருடைய உடைகளையும் எல்லாப் பெட்டிகளிலும் கலந்து வைக்கலாம். ஒரு பெட்டி தொலைந்தாலும் யாரும் மாற்றுடை இன்றித் தவிக்க நேராது. கைப்பையில் ஆளுக்கு ஒரு மாற்றுடை இருப்பதும் அவசியம். மூடும் முன் பெட்டியின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் படம் எடுத்து வைக்க வேண்டும்.

பெட்டி வரவில்லை எனில், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே நிறுவனத்தின் கவுண்டரில் பி.ஐ.ஆர். எனப்படும் புகார் அறிக்கையைப் பதிவு செய்து நகல் பெற வேண்டும். இந்தியா உறுப்பு நாடாக உள்ள மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமடைந்திருந்தால் கிடைத்த 7 நாள்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் 21 நாள்களுக்குள்ளும் எழுத்துபூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். காலக்கெடு கடந்தால் இழப்பீடு கோரும் உரிமை பறிபோகும். அவசரத்துக்கு வாங்கிய உடை, பற்பசை ஆகியவற்றின் ரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும்.

விமான நிறுவனங்களும் அரசுகளும் விதிகளை அவ்வப்போது மாற்றுகின்றன. ஆகவே, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு விமான நிறுவனத்தின் இணையதளத்தையும், செல்லும் நாட்டின் சுங்கத்துறை இணையதளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துக்கு அனுமதி பெற வேண்டியவர்கள் மட்டும் அதற்கு வெகு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.