கானிங் வழி: ஒரு பாலைத் தடத்தின் கதை

மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலங்களை ஊடறுத்து ஏறக்குறைய 1,850 கிலோமீற்றர் நீளமான பழைய தடமொன்று கிடக்கிறது. தெற்கே விலூனா என்னும் சிற்றூரில் தொடங்கும் அத்தடம், வடக்கே ஹோல்ஸ் கிறீக் என்னும் ஊரை நோக்கிச் செல்கிறது. செப்பனிட்ட வீதியன்று அது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட மணல்மேடுகள் அதிற் குறுக்கிடுகின்றன. கானிங் கால்நடை வழி என்பது அதன் பெயர். நான்கு சில்லுகளும் இயங்கும் மோட்டார் வண்டிகளிற் குழுவாகச் சென்று அதனைக் கடந்து வருவதை வாழ்நாட் பேறாகக் கருதுவோர் பலர். அத்தகைய குழுவொன்று வகுக்கும் பயணத் திட்டத்தின் முதற் கேள்வி, நீர் எங்கே கிடைக்கும் என்பதாகும். அத்தடத்தின் வரலாறு முழுவதும் அந்த ஒரு கேள்வியிலே அடங்கியிருக்கிறது.

இவ்வழி பிறந்ததற்குக் காரணம் ஒரு சிறிய உண்ணி என்றால் வியப்பாக இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கிழக்குக் கிம்பர்லிப் பகுதியின் மாடுகளை உண்ணி பற்றியிருந்தது. அது பரப்பும் காய்ச்சல் தென்னாட்டு மந்தைகளையும் தொற்றிவிடும் என்று அஞ்சிய அரசாங்கம், அம்மாடுகளைக் கப்பலேற்றித் தெற்கே கொண்டுவருவதைத் தடுத்திருந்தது. தெற்கிலோ தங்கச் சுரங்க ஊர்களில் இறைச்சிக்குப் பெருந் தேவை இருந்தது. வறண்ட பாலை வழியே மாடுகளை நடத்திக்கொண்டுவந்தால் உண்ணிகள் வழியிலேயே மடிந்துவிடும் என்னும் யோசனையை 1905ஆம் ஆண்டில் ஜேம்ஸ் இஸ்டெல் என்னும் அரசியல்வாதி முன்வைத்தார். வழியை ஆராயும் பொறுப்பு நில அளவையாளரான அல்பிரட் கானிங் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1906ஆம் ஆண்டிற் கானிங் எண்மர் கொண்ட குழுவுடன் ஒட்டகங்களைத் துணைக்கொண்டு புறப்பட்டார். பாலையிலே நீர் இருக்குமிடத்தை அவர் அறியார். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மார்ட்டு முதலிய ஆதிக்குடி மக்களே அறிவர். எங்கே ஊற்றுண்டு, எந்த மணலைத் தோண்டினால் நீர் சுரக்கும் என்பதெல்லாம் அவர்கள் உயிர் காத்த கல்வி. அந்த ஊற்றுக்களிற் பல அவர்களுக்குப் புனிதமானவை. முன்னோர் உறையும் இடங்களாகப் போற்றப்படுபவை. அக்கல்வியைக் கானிங் கேட்டுப் பெறவில்லை. அம்மக்களைப் பிடித்து, சங்கிலியாற் பிணைத்து, நீர்நிலைகளைக் காட்டுமாறு வழிநடத்திச் சென்றார்.

இதனை உலகறியச் செய்தவர் அக்குழுவின் சமையற்காரரான எட்வர்ட் பிளேக் என்பவர். அவருடைய முறைப்பாட்டின்மேல் 1908ஆம் ஆண்டில் அரச விசாரணைக் குழுவொன்று கூடியது. சங்கிலி பயன்படுத்தியதைக் கானிங் மறுக்கவில்லை. ஆயினும் விசாரணைக் குழு அவரையும் அவருடைய ஆட்களையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. பெரிய மனிதர்கள் கூடியிருந்த மன்றத்தில் ஒரு சமையற்காரரின் சொல் எடுபடவில்லை. ஆனால் அவர் சொன்னது பதிவேட்டில் நின்றுவிட்டது. இன்று அவ்வழியின் கதையைக் கூறும் எவரும் அதனைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

விசாரணை முடிந்ததும் கானிங் மீண்டும் பாலைக்குச் சென்றார். 1908 முதல் 1910 வரை அவருடைய குழுவினர் 48 கிணறுகளை அமைத்தனர். மந்தை ஒரு நாளில் நடக்கக்கூடிய தொலைவே கிணற்றுக்குக் கிணறு இடைவெளியின் அளவாகக் கொள்ளப்பட்டது. அவற்றுட் பல, ஆதிக்குடிகளின் ஊற்றுக்கள் இருந்த இடங்களிலேயே தோண்டப்பட்டவை. ஆழமான கிணற்றிலிருந்து பாரமான வாளியை இழுத்தெடுப்பது அம்மக்களுக்கு அரிதாயிற்று. கையால் அள்ளிப் பருகிய நீர், இப்போது கைக்கு எட்டாத ஆழத்திற்குச் சென்றுவிட்டது.

இத்தகைய வழியில் அமைதி நிலவுமா? 1911ஆம் ஆண்டிலே தொம்சன், சூஸ்மித் என்னும் மாடோட்டிகள் இருவரும் அவர்களுடன் சென்ற ஆதிக்குடித் தொழிலாளர் ஒருவரும் 37ஆம் கிணற்றருகே கொல்லப்பட்டனர். அதன்பின் அனுப்பப்பட்ட பொலிஸ் படை ஆதிக்குடிகளிற் பலரைச் சுட்டுக் கொன்றது. அச்சத்தினால் மாடோட்டிகள் அவ்வழியை நாட மறுத்தனர். 1911 முதல் 1931 வரையான இருபது ஆண்டுகளில் எட்டு மந்தைகளே அவ்வழியாற் சென்றன. இத்தனை உழைப்பும் இத்தனை துயரும் எட்டு மந்தைகளுக்காகவா என்று நாம் கேட்கத் தோன்றுகிறது.

1929ஆம் ஆண்டிற் கிணறுகளைப் பழுதுபார்க்க வில்லியம் ஸ்நெல் என்பவர் அனுப்பப்பட்டார். ஆதிக்குடிகளால் நீர் எடுக்க முடியாதபடி கிணறுகள் அமைந்திருப்பதை அவர் கண்டித்தார்; இறங்கி நீர் எடுப்பதற்குச் சில கிணறுகளில் ஏணிகளையும் பொருத்தினார். சிறிய செயல்தான், ஆனால் நீரைப் பகிர்ந்தால் பகை தணியும் என்பதை உணர்ந்தவரின் செயல் அது. எஞ்சிய வேலையை முடிக்க, எழுபது வயதை எட்டிய கானிங்கே மீண்டும் அழைக்கப்பட்டார். கடைசி மந்தை 1959ஆம் ஆண்டிற் சென்றது. முழுத் தடத்தையும் மோட்டார் வண்டிகள் முதன்முதலாகக் கடந்தது 1968ஆம் ஆண்டில்.

இன்று பயணம் போக எண்ணுவோர், குளிர்ந்த மாதங்களான மே முதல் செப்தெம்பர் வரையான காலத்தைத் தெரிந்தெடுப்பர். இரண்டு மூன்று வாரங்களுக்கு வேண்டிய உணவும் நீரும் கொண்டுசெல்வர். எரிபொருள் நிரப்ப இடையிலே குனவரிட்ஜி என்னும் ஆதிக்குடிக் குடியிருப்பு ஒன்றுண்டு. மணல்மேட்டின் மறுபுறம் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் உயர்ந்த கொடி பறக்கும். முன்வண்டி பின்வண்டிக்கு வானொலியாற் செய்தி சொல்லும். மணலில் ஏறுவதற்கு ரயர்களின் காற்றைக் குறைப்பர். காய்ந்த முட்புல் வண்டியின் அடியிற் சிக்கித் தீப்பற்றாதபடி நாள்தோறும் நீக்குவர். பழைய கிணறுகளிற் சில செப்பனிடப்பட்டுள்ளன, பல தூர்ந்துவிட்டன. ஆதலால் கிணற்றை நம்பி எவரும் புறப்படுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் முந்தியதொன்று உண்டு, அதுதான் அனுமதி. 2001 முதல் 2008 வரையான ஆண்டுகளில் அத்தடம் செல்லும் நிலங்களின்மீது மார்ட்டு மக்களுக்கும் அயலிலுள்ள மற்ற ஆதிக்குடிகளுக்கும் உள்ள பூர்வீக உரிமை சட்டத்தால் ஏற்கப்பட்டது. அந்நிலங்களூடே செல்வோர் அனுமதிப் பத்திரம் பெறவேண்டும். வழி திறந்திருக்கிறதா என்று விசாரிக்கவேண்டும். புனித இடங்களை விட்டு விலகிச் செல்லவேண்டும். இதனை ஒரு தொல்லை என்று முணுமுணுப்போரும் உளர். ஆனால் நேயர்களே, 1906இல் நிலத்துக்குரியவர்களிடம் கேட்கப்படாத கேள்வியே இன்று கேட்கப்படுகிறது. முன்பு வழிகாட்டியைச் சங்கிலியாற் பிணைத்த பயணம், இப்போது வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுத் தொடங்குகிறது. பாலையிலே நீர் எங்கே என்று கேட்பதற்கு முன், அந்த நீர் யாருடையது என்று கேட்கும் பண்பை அவ்வழி நமக்குக் கற்பிக்கின்றது.