சில்லேறிய படகும் இறங்குதுறையும்: விஸ்கொன்சின் ஏரிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

படகின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நீரின்மேலேயே கண்ணாயிருப்பர். துடுப்பு, பாய், சுக்கான், இயந்திரம் என அவர்கள் ஆராய்வன யாவும் படகு மிதக்கும் வேளையிற் பயன்படுவனவே. ஆனால், சிறு படகொன்று ஒரு நீர்நிலையை விட்டு இன்னொரு நீர்நிலைக்குத் தரைவழியே செல்ல நேர்ந்தபோது அதனை யார் சுமந்தனர், எவ்வழியாற் கொண்டுசென்றனர், சென்றடைந்த கரையில் அதனை இறக்குவதற்கு யார் இடமளித்தனர் என்னும் வினாக்களும் சமூக வரலாற்றாசிரியனுக்குரியனவே. சோளகமும் வாடையும் மாறி வீசக் கரை மாறி வாடியடிக்கும் மீனவரையும், கரைவலைப் பாடு யாருக்குரியது என்பதில் எழும் பிணக்குகளையும் அறிந்த நமக்கு இவ்வினாக்கள் புதியனவல்ல. எனினும், இவற்றை மிகத் துலக்கமாகக் காட்டும் வரலாறொன்று நமக்கு வெகுதொலைவில், ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள விஸ்கொன்சின் மாநிலத்தில் உண்டு. அதுவே இங்கு ஆராயப்படுகின்றது.

பண்டைய பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பள்ளங்கள் இம்மாநிலத்தில் 15,000க்கும் மேற்பட்ட ஏரிகளாய் விளங்குகின்றன. இவற்றின் வடபகுதியில் வாழ்ந்தவர் ஒஜிப்வே மக்கள். அரச ஆவணங்கள் இவர்களைச் சிப்பெவா எனக் குறிக்கும். பூர்ச்ச மரப்பட்டையை மேலுறையாகவும் தேவதாரு வகைச் சிம்புகளை விலாவாகவும் கொண்டு, மரவேரால் தைத்து, பிசினால் ஒட்டுவாய் அடைத்து அவர்கள் செய்த ஓடம், ஏறிச் செல்வதற்கு மட்டுமன்றித் தூக்கிச் செல்வதற்கும் உரியதாக அமைந்திருந்தது. ஏரிக்கும் ஏரிக்குமிடையே, அருவிகளைச் சுற்றி, ஓடம் சுமக்கும் ஒற்றையடிப் பாதைகள் நாடெங்கும் கிடந்தன. ஐரோப்பிய மென்மயிர் வணிகர் இப்பாதைகளைப் புதிதாகக் கண்டுபிடித்தாரல்லர். காட்டப்பட்ட வழியே நடந்தனர். அவற்றுட் புகழ்பெற்றது, சுப்பீரியர் ஏரியின் வடமேற்குக் கரையில் புறா ஆற்றின் அருவிகளை விலக்கிச் செல்லும் எட்டரை மைல் நீளமான பெருஞ்சுமைப் பாதையாகும். 36 அடிப் பெரிய ஓடம் அப்பாதையின் வாயிலோடு நின்றுவிட, அப்பாலுள்ள சிற்றாறுகளில் 25 அடி ஓடம் பயன்பட்டது. கூலியாள் ஒருவன் 90 இறாத்தல் கொண்ட பொதிகள் இரண்டை ஒரே நடையிற் சுமந்தான் என்பர்.

இச்சுமைப் பாதைகள் சட்டத்திலும் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது. 1787ஆம் ஆண்டின் வடமேற்குப் பிரதேசக் கட்டளைச் சட்டம், மிசிசிப்பி, சென் லோரன்ஸ் ஆறுகளிற் சென்று கலக்கும் நீர்வழிகளை மாத்திரமன்றி அவற்றுக்கிடையேயான சுமைவழிகளையும் பொதுப் பாதைகளென்றும், என்றும் வரியின்றித் திறந்திருக்க வேண்டியவை என்றும் விதித்தது. அவ்வுரிமை குடியரசின் பிரசைகளுக்கு மட்டுமன்றி, அப்பிரதேசத்தில் வாழ்வோருக்கும் உரியதெனக் கூறப்பட்டது. நீர்வழிகள் பற்றிய அவ்விதி 1848இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் அரசியலமைப்பிலும் புகுந்தது. அங்கு 'வாழ்வோர்' என்ற சொல் யாரைக் குறிக்கும் என்ற கேள்வி அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் எத்தனை வடிவமெடுத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள் எனலாம்.

1837ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் பைன் காடுகளையும், 1842ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் செப்புக் கனிவளம் மிக்க நிலத்தையும் ஒஜிப்வேயர் அரசிடம் ஒப்படைத்தனர். அவர்கள் விட்டுக்கொடுத்தது நிலத்தை. அந்நிலத்தில் வேட்டையாடவும், நீரில் மீன்பிடிக்கவும், 1837ஆம் ஆண்டு உடன்படிக்கையிற் குறிக்கப்பட்டவாறு நீர்நெல் சேர்க்கவும் தமக்கிருந்த உரிமையை வைத்துக்கொண்டனர். 1850இல் அவர்களை மேற்கே பெயர்த்துவிட ஆணை பிறந்தது. ஆண்டுதோறும் வழங்கும் பணத்தைப் பெறுவதற்கு மினசோட்டாவிலுள்ள சாண்டி ஏரிக்கு வருமாறு பணிக்கப்பட்டுச் சென்றவர்களுள் ஏறத்தாழ 400 பேர் பசியாலும் நோயாலும், திரும்பும் வழியிற் குளிராலும் மாண்டனர். 1854ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்களுக்கென நிலையான ஒதுக்குநிலங்களை வகுத்தது. காலப்போக்கில், உரிமை அவ்வொதுக்குநிலத்தின் எல்லைக்குள் அடங்கியதே என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1908இல் மாநில உயர் நீதிமன்றமும், மாநிலத்தின் மீன்பிடிச் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது.

இதே காலத்திற்றான் அவ்வேரிகள் நகரத்தாரின் ஓய்விடங்களாக மாறின. பைன் காடுகள் வெட்டியழிக்கப்பட்ட பின்னர், அம்மண்ணில் வேளாண்மை செழிக்காமையால், உல்லாசப் பயணிகளே அப்பகுதியின் வருவாய்க்கு வழியாயினர். தூண்டிலோடு புகைவண்டியில் வந்திறங்கியவர் தங்கு விடுதியின் படகை வாடகைக்குப் பெற்றனர். படகு வலித்தவரும் மீனிருக்கும் இடம் காட்டியவரும் பல இடங்களில் ஒஜிப்வேயரே. அக்காலத்திற் படகு ஏரிக்குரியதாயிருந்தது. மனிதனே இடம் பெயர்ந்தான்.

இந்நிலையை மாற்றியவை மூன்று. நோர்வேயிற் பிறந்து விஸ்கொன்சினில் வளர்ந்த ஓல் எவின்ரூட் 1909இல் மில்வோக்கி நகரிற் சந்தைப்படுத்திய வெளியிணைப்பு இயந்திரம் முதலாவது. 62 இறாத்தல் நிறையும் ஒன்றரைக் குதிரைவலுவும் கொண்ட அதனை எந்தப் படகின் பின்புறத்திலும் கொளுவலாம். கழற்றித் தோளிற் கொண்டு போகலாம். இரண்டாவது, இரண்டாம் உலகப் போரின் முடிவில் விமானத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த அலுமினியத் தகடும், அதனையடுத்துப் பரவிய கண்ணாடி நாருமாகும். போர் விமானங்கள் செய்த குரும்மன் நிறுவனம் 1945இல் அலுமினிய ஓடம் செய்யத் தொடங்கியது. மூன்றாவது பெருந்தெரு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் நீளமான மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளுக்கு வழிவகுத்தது. படகைத் தாங்கிய இருசில்லு வண்டி, அதாவது 'ட்ரெயிலர்', மோட்டார் வாகனத்தின் பின்னே கொளுவப்பட்டு, நூற்றுக்கணக்கான மைல் கடந்து அந்நிய ஏரியொன்றின் கரையில் நின்றது.

இவ்வண்டி பார்வைக்கு எளியதாயினும் அதன் நுணுக்கங்கள் சுவையானவை. படகின் பாரத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு முன்புறக் கொளுக்கியில் அழுந்த வேண்டும். குறைந்தால் வண்டி தெருவிற் பாம்புபோல் நெளியும், மிகுந்தால் இழுக்கும் வாகனத்தின் பின்புறம் தாழ்ந்துவிடும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சில்லுக் குடத்தை உடனடியாகக் குளிர்ந்த ஏரியில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி நீரை உள்ளிழுத்துக்கொள்ள, மசகு கெட்டுக் குண்டுப்போதிகைகள் அரித்துப்போகும். எனவே அனுபவசாலிகள் கரையில் வண்டியைச் சற்று ஆறவிட்டே இறக்குவர். இறக்குவதற்கு நூற்றுக்கு 12 முதல் 15 வரையான சாய்வுள்ள உறுதியான தளம் வேண்டும்: சாய்வு குறைந்தால் படகு மிதக்குமுன் வாகனம் நீரில் மூழ்கும்; கூடினால் ஈரத்தில் சில்லுகள் வழுக்கும். ஓடம் சுமந்தவனுக்கு எக்கரையும் கரையே. சில்லேறிய படகுக்கோ கட்டப்பட்ட இறங்குதுறை இன்றியமையாதது.

இறங்குதுறை கட்டுவதற்குப் பணம் வேண்டும். 1950ஆம் ஆண்டின் டிங்கெல்-ஜோன்சன் சட்டம் தூண்டிற் கருவிகள் மீதான வரியை மீன்வள மேம்பாட்டுக்கென மாநிலங்களுக்குப் பகிர்ந்தது. 1984ஆம் ஆண்டின் வாலப்-புரோ திருத்தம் படகு எரிபொருள் வரியையும் அதனோடு சேர்த்து, ஒரு பகுதியைப் படகேறும் வசதிகளுக்கே செலவிட வேண்டுமென்றது. வரி செலுத்துபவன் துறையும் பெறுகிறான், அரசு விடும் மீன்குஞ்சுகளின் பயனையும் பெறுகிறான். நல்ல ஏற்பாடே. ஆயினும், ஆண்டுக்கு ஓரிரு வாரம் வந்துபோகும் தூண்டிற்காரனுக்கு அவ்வேரி தன் பணத்தில் வளர்ந்த தன் உடைமை என்ற உணர்வை அது ஊட்டியது என்றே கருதவேண்டியுள்ளது.

படகு ஏறிச்சென்ற இடமெல்லாம் மனிதர் அறியாத பயணிகளும் உடனேறினர். கப்பல்களின் நிறைநீரோடு ஐரோப்பாவிலிருந்து வந்த வரிக்குதிரை மட்டி 1988இல் சென் கிளேயர் ஏரியிற் கண்டறியப்பட்டது. அங்கிருந்து உள்நாட்டு ஏரிகளுக்கு அதனைக் கொண்டுசென்றவற்றுள் படகு வண்டிகள் முதன்மையானவை. அதன் இனமான குவாகா மட்டி 2007 சனவரியில், பேரேரிகளுக்கு ஆயிரம் மைலுக்கும் அப்பால், பாலை நடுவேயுள்ள மீட் நீர்த்தேக்கத்திற் காணப்பட்டது. இங்கு அதனை மேலும் விரிக்கவேண்டியதில்லை.

இனி ஒஜிப்வேயரிடம் மீள்வோம். 1974இல் லாக் கூர்ட் ஓரெய் ஒதுக்குநிலத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர், ஏரியொன்றின் நடுவே செல்லும் ஒதுக்குநில எல்லையைத் தாண்டி மீன் குத்தியமைக்காகப் பிடிக்கப்பட்டனர். அதனையொட்டி எழுந்த வழக்கில், 1983 சனவரியில் ஏழாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், உடன்படிக்கைகளால் ஒதுக்கப்பட்ட உரிமை ஒருபோதும் அழியவில்லை என்றும், அது ஒதுக்குநிலத்துக்கு வெளியேயும் செல்லும் என்றும் தீர்த்தது. மறு ஆண்டு இம்மக்களின் குழுக்கள் கூடிப் பெரும் ஏரிகள் இந்தியர் மீன், வனவிலங்கு ஆணைக்குழுவை அமைத்தன. 1985இன் இளவேனிலில் ஒஜிப்வேயர், அலுமினியப் படகுகளை வண்டியிலேற்றி, தம் பாட்டனார் மீன்பிடித்த தொலைவு ஏரிகளுக்கு இழுத்துச் சென்றனர்.

அவர்கள் நாடியது வோல்ஐ என்னும் மீன். பனி உருகியவுடன் கல்லார்ந்த ஆழமற்ற கரையோரம் முட்டையிட வரும் இம்மீனின் கண்கள் இரவில் ஒளிபட்டால் மின்னும். முன்னாளிற் பட்டைப் பந்தம் கொளுத்தி ஓடத்திலிருந்து ஈட்டியாற் குத்தினர்; பந்தத்தைக் கண்ட பிரெஞ்சுக்காரர் இட்ட பெயரே லாக் டு ஃப்ளாம்போ, அதாவது பந்த ஏரி. நம் களப்புகளிற் சூள் கொளுத்தி மண்டாவாற் குத்தும் முறையை அறிந்தோர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

எதிர்ப்பு மூண்ட இடம் நீரன்று, இறங்குதுறையே. எந்த இரவில், எந்த ஏரியில், எத்தனை மீன் என்பது முன்கூட்டியே அனுமதிச் சீட்டில் வரையறுக்கப்பட்டமையால், படகுகள் எங்கு வருமென்பது யாவர்க்கும் தெரிந்திருந்தது. 1985 முதல் 1991 வரை இளவேனில் இரவுகளிற் கூட்டம் நூற்றுக்கணக்கிற் கூடியது. இனவெறி வசைகள் ஒலித்தன; கற்களும், கவணால் எய்யப்பட்ட உருக்குக் குண்டுகளும் படகுகள் மீது வீழ்ந்தன; வாகனங்களின் டயர்கள் கிழிக்கப்பட்டன; விசைப்படகுகள் அலையெழுப்பிச் சிறு படகுகளைக் கவிழ்க்க முயன்றன. கலகம் அடக்கும் பொலிசார் வேலியிட்டு நின்றனர். நடப்பதைப் பதிவுசெய்யச் சாட்சிகளாக வந்து அமைதியாக நின்ற வெள்ளையரும் இருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும்.

எதிர்ப்பாளரின் வாதங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. பழைய உரிமை வேண்டுமாயின் பழைய மரப்பட்டை ஓடத்தில் வாருங்கள் என்றனர் அவர்கள். தாம் எஞ்சின் பூட்டிய கண்ணாடி நார்ப் படகை நெடுஞ்சாலை வழியே இழுத்து வந்திருந்தும், ஒஜிப்வேயன் மட்டும் 1837இலேயே நின்றுவிட வேண்டும் என எதிர்பார்த்தனர். 1987இல் நீதிபதி ஜேம்ஸ் டோய்ல், உடன்படிக்கைக் காலத்து முறைகளையும் அதன்பின் தோன்றிய முறைகளையும் அம்மக்கள் கையாளலாம் என்று தீர்ப்பளித்து இவ்வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லாமற் செய்தார். வரலாற்றில் ஒரு மக்கள் கூட்டத்துக்கு உரிமை உண்டென ஒப்புக்கொண்டே, அவ்வுரிமையைப் பயன்படுத்தும் கருவியை மறுப்பது பழகிய தந்திரமாகும்.

விடுதி நடத்துவோரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதெனக் கூறுதல் நியாயமாகாது. ஒஜிப்வேயர் பெயர் குறித்த ஏரிகளில் தூண்டிற்காரர் ஒரு நாளிற் பிடிக்கக்கூடிய மீன்களின் தொகையை மாநிலம் குறைத்தது. வருவோர் குறைந்துவிடுவர் என விடுதியாளர் கலங்கினர். ஆனால் மீன்வளம் அழிகிறது என்ற குற்றச்சாட்டு வேறு. அவ்வாண்டுகளில் எதிலும் ஈட்டியாற் பிடிபட்ட வோல்ஐ 30,000ஐத் தாண்டவில்லை. தூண்டிலிற் பிடிபட்டது அதைப் பன்மடங்கு விஞ்சியது. மத்திய, மாநில, பழங்குடி ஆய்வாளர் இணைந்து 1991இல் வெளியிட்ட அறிக்கை, ஈட்டி மீன்பிடியால் அவ்வளம் கெடவில்லை என்றே முடிவு செய்தது.

1989இல் மாநில ஆளுநர் அவ்வாண்டு மீன்பிடியை நிறுத்துமாறு நீதிமன்றத்தை வேண்டினார். நீதிபதி பாபரா கிராப் மறுத்தார். சட்டத்தை மீறுவோர் இருக்க, உரிமையைப் பயன்படுத்துவோரைத் தடுத்தல் தகாது என்பதே அவர் நிலைப்பாட்டின் சாரம். அதே ஆண்டில் உரிமையைச் சில காலம் பயன்படுத்தாதிருக்கப் பலகோடி டொலர் தருவதாக மாநிலம் முன்வந்தது. வேலையும் வருவாயும் அரிதாயிருந்த லாக் டு ஃப்ளாம்போ மக்கள் அதனை வாக்கெடுப்பில் நிராகரித்தனர். அவ்வாக்கெடுப்பே இப்போராட்டத்தின் உயிர்நிலை என்பது என் கருத்து. 1991இல் இனப்பகையாற் செய்யப்படும் தொல்லைகளுக்கு நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. அவ்வாண்டு வைகாசியில் இறுதித் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்வதில்லை என இரு தரப்பும் அறிவித்தன. அயல் மாநிலமான மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி தொடர்பாக 1999இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1837ஆம் ஆண்டு உடன்படிக்கையின் உரிமையை ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் உறுதிசெய்தது.

இன்றும் இளவேனிலிற் பனி விட்டவுடன் அனுமதிச் சீட்டுகள் இரவுக்கிரவு வழங்கப்படுகின்றன. வாகனம் பின்னோக்கி வந்து படகை நீரில் விடுகின்றது. விளக்கும் ஈட்டியுமாய்ச் சென்றவர் மீளும்போது, கண்காணிப்போர் துறையிற் காத்திருந்து மீன்களை ஒவ்வொன்றாய் எண்ணிக் குறித்துக்கொள்கின்றனர். அதன் பின்னரே படகு மீண்டும் வண்டியில் ஏற்றப்படும்.